பணிமாற்ற ஆதரவுச் சேவை: எதற்குப் போகலாம், எதற்குப் போக வேண்டாம்

ஒரு நிறுவனம் இன்னொன்றுடன் இணையும்போது, ஊழியர்களின் கலக்கத்தைத் தணிப்பதற்கென்று வெளியிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துவது பெரிய நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. 'பணிமாற்ற ஆதரவு' என்ற பெயரில் வரும் இந்தச் சேவையை, எங்கள் நிறுவனம் தன்னைவிடப் பெரிய நிறுவனமொன்றுடன் இணைந்ததிலிருந்து நானும் என் சக ஊழியர்களும் பயன்படுத்தி வருகிறோம். எங்களுடையது வாடிக்கையாளர் கோப்புகளையும் கணக்குகளையும் கையாளும் அலுவலகம். இதே வேலையைச் செய்யும் இன்னோர் அலுவலகம் எங்களை வாங்கிய நிறுவனத்திடமும் இருக்கிறது. ஆகவே இணைப்பு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: இரண்டில் எதை மூடப் போகிறார்கள்? சேவை வழங்கும் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இத்தகைய சேவைகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், இதே நிலையில் இருப்பவருக்குப் பெயரைக் காட்டிலும், எந்தப் பகுதியை நம்பலாம், எந்தப் பகுதியில் நேரம் வீணாகும் என்பதுதான் பயன்படும்.

சேவையில் நான்கு பகுதிகள் உண்டு. கேள்வி பதில் தொகுப்பும் படிவங்களும் உள்ள ஓர் இணையதளம், வேலை நேரத்தில் அழைக்கக்கூடிய தொலைபேசி உதவி எண், வாரந்தோறும் நடக்கும் குழு அமர்வு, முன்பதிவு செய்து பெறும் தனிநபர் ஆலோசனை ஆகியவை அவை. ஊழியர் எதற்கும் பணம் கட்டத் தேவையில்லை. முழுச் செலவையும் நிறுவனமே ஏற்கிறது. இந்தக் கடைசி விவரம்தான் சேவையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரத் தீர்மானிக்கிறது என்பது போகப்போகத் தெரியவரும்.

முதலில், அலுவலகம் மூடப்படுமோ என்ற அந்த அச்சம் நியாயமானதுதானா என்பதைச் சொல்லிவிட வேண்டும். குழு அமர்வில் அதை 'மாற்றத்துக்கான இயல்பான எதிர்வினை' என்று விளக்கினார்கள். ஏதோ நம் மனத்தின் கோளாறு போலத் தொனிக்கும் அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இணைப்பு அறிவிக்கப்படும்போதே ஆண்டுக்கு எவ்வளவு செலவு மிச்சமாகும் என்ற இலக்கும் பங்குதாரர்களுக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்பது மட்டும் ஊழியர்களுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. 2015 மார்ச்சில் கிராஃப்ட், ஹைன்ஸ் என்ற இரு அமெரிக்க உணவு நிறுவனங்களின் இணைப்பு அறிவிக்கப்பட்டபோது, 2017 இறுதிக்குள் ஆண்டுக்கு 150 கோடி டாலர் மிச்சப்படுத்துவதாக அறிவித்தார்கள். ஜூலையில் இணைப்பு முடிந்தது. ஆகஸ்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,500 வேலைகள் போகும் என்றார்கள். நவம்பரில் ஏழு தொழிற்சாலைகள் மூடப்படும், 2,600 பேர் வேலை இழப்பார்கள் என்ற அடுத்த அறிவிப்பு வந்தது. ஒரே வேலைக்கு இரண்டு அலுவலகங்கள் இருக்கும்போது மிச்சப்படுத்துவதற்கான முதல் இடம் எதுவென்று கணக்குப் போடுவதற்கு மன உளைச்சல் எதுவும் தேவையில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தாலே போதும்.

அலுவலகம் தொடரும் என்ற வாக்குறுதிக்கும் இதே கதிதான் நேரக்கூடும். பிரிட்டனின் கேட்பரி நிறுவனத்தைக் கிராஃப்ட் 2010-இல் வாங்கியது இதற்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு. பிரிஸ்டலுக்கு அருகிலுள்ள சோமர்டேல் தொழிற்சாலையை மூடிவிட்டு உற்பத்தியைப் போலந்துக்குக் கொண்டுபோகக் கேட்பரியே 2007-இல் முடிவு செய்திருந்தது. வாங்க முன்வந்த கிராஃப்ட், அந்தத் தொழிற்சாலையைத் தொடர்ந்து நடத்த முடியும் என்று நம்புவதாகக் கூறியது. நிறுவனம் கைக்கு வந்த சில நாட்களிலேயே, பிப்ரவரியில், மூடத்தான் வேண்டும் என்று அறிவித்துவிட்டது. பிரிட்டனின் கையகப்படுத்தல் ஒழுங்குமுறைக் குழு அதே ஆண்டு மே மாதம் கிராஃப்டை வெளிப்படையாகக் கண்டித்தது. அடுத்த ஆண்டு விதிகளும் திருத்தப்பட்டன. வாங்குபவர் தம் நோக்கம் இதுவென்று சொன்னால், பொதுவாக 12 மாதங்களுக்காவது அது நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவ்வாறு வந்ததே. கண்டனமும் திருத்தமும் வந்தன. தொழிற்சாலை மட்டும் திரும்ப வரவில்லை.

இந்தப் பின்னணியோடு இணையதளத்தின் கேள்வி பதில் தொகுப்பைப் படித்துப் பாருங்கள். சம்பளத் தேதி, காப்பீட்டு அட்டை, விடுப்புக் கணக்கு, புதிய மின்னஞ்சல் முகவரி முதலியவற்றுக்கு அதில் தெளிவான, சரியான பதில்கள் இருந்தன. அவற்றை எழுதியவருக்கு வேலை தெரிந்திருக்கிறது. அலுவலகம் மூடப்படுமா என்ற கேள்விக்கு, தொடக்கத்தில் 'உங்கள் அலுவலகம் வழக்கம்போல் இயங்கும்' என்று இருந்தது. பிறகு ஒருநாள் பார்த்தபோது அதே இடத்தில் 'தற்போதைய நிலையில் எந்த முடிவும் எடுக்கப்படவில்லை' என்று இருந்தது. திருத்தியதற்கான குறிப்பு எதுவும் இல்லை. பக்கத்தின் அடியிலுள்ள தேதிகூட மாறவில்லை. முதல் வாக்கியத்தைத் திரையில் படம் பிடித்து வைத்திருந்த ஒரு சக ஊழியர் இரண்டையும் அருகருகே அச்சிட்டு மேசையில் ஒட்டிவைத்தார். அன்று மாலைக்குள் அலுவலகத்தில் அதைப் பார்க்காதவர் யாருமில்லை. தேதியை மாற்றாமல் வாக்கியத்தை மட்டும் மாற்றுவது ஓர் அலுவலகத்தின் நம்பிக்கையை எவ்வளவு விரைவாகக் குலைக்கும் என்பது இத்தகைய சேவையை நடத்துபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இந்த இணையதளத்துக்கு நான் குறைந்த மதிப்பெண் கொடுப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். முடிவு எடுக்கப்படவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எப்போது எடுக்கப்படும், யார் எடுப்பார்கள், எந்த அளவுகோலில் எடுப்பார்கள் என்ற மூன்றையும் சொல்லாமல் விட்டால், அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திட்டமிட முடியாது.

உதவி எண்ணில் பேசுபவர்கள் மரியாதையானவர்கள், காத்திருக்கவும் வைப்பதில்லை. ஆனால் அவர்கள் முன்னாலும் இருப்பது அதே தொகுப்புதான். நாம் இணையதளத்தில் படித்துவிட்டு அழைத்தால், அதே வாக்கியங்களை அவர்கள் நமக்குப் படித்துக் காட்டுகிறார்கள். தொகுப்பில் இல்லாததைக் கேட்டால் ஒரு கோரிக்கை எண் கொடுத்து, 'உரியவரிடம் தெரிவித்து அழைக்கிறோம்' என்கிறார்கள். அலுவலகக் கட்டடத்தின் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று நான் கேட்டதற்கு, 'இது எங்கள் சேவையின் வரம்புக்குள் வராது' என்ற குறுஞ்செய்தியுடன் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது. அப்படி ஒரு பதிலாவது வந்ததே என்று ஆறுதல்பட்டுக்கொண்டவர்களும் எங்களில் உண்டு.

இதைவிட நன்றாகச் செய்ய முடியாதா என்றால், முடியும். அதற்குச் சான்றும் பழையதுதான். டேவிட் ஷ்வைகர், ஏஞ்சலோ டெநிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட கள ஆய்வில், இணைப்புக்கு உள்ளான ஒரு நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் தலைமை நிர்வாகியின் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்றதில் செய்திமடல், தொலைபேசி உதவி எண், மேலாளருடன் வாராந்தரக் கூட்டம் என்று தொடர்ந்து உள்ளதை உள்ளபடி சொல்லிவந்தார்கள். கெட்ட செய்தியையும் மறைக்கவில்லை. இணைப்பு அறிவிப்புக்குப் பிறகு இரண்டு இடங்களிலும் மன அழுத்தமும் குழப்பமும் கூடத்தான் செய்தன. ஆனால் உள்ளதைச் சொன்ன இடத்தில் அது ஓரளவில் நின்று பிறகு சீர்பட்டது. கடிதத்தோடு விட்ட இடத்தில் தொடர்ந்து மோசமாகிக்கொண்டே போனது. எங்களுக்குக் கிடைத்த சேவையிலும் உதவி எண், வாராந்தரக் கூட்டம், அவ்வப்போது வரும் மடல் என்று அந்த ஆய்வில் இருந்த எல்லா உறுப்புகளும் இருக்கின்றன. அவற்றின் வழியாகச் சொல்லப்பட வேண்டிய செய்தி மட்டும்தான் இல்லை.

குழு அமர்வுகளைப் பற்றி அதிகம் எழுத விஷயமில்லை. மூச்சுப் பயிற்சி, மாற்றத்தின் கட்டங்களைக் காட்டும் வளைகோடு, 'உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பவை, இல்லாதவை' என்று இரண்டு வட்டங்கள், இவ்வளவுதான். நடத்தியவர் நல்ல மனிதர். ஆனால் பின்வரிசையில் மனிதவளத் துறையைச் சேர்ந்த ஒருவர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கும் அறையில் எந்த ஊழியர் வாயைத் திறப்பார்?

தனிநபர் ஆலோசனைக்கு வருகிறேன். இந்தச் சேவையில் உண்மையாகவே மதிப்புள்ள பகுதி இது ஒன்றுதான் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன். எனக்கு ஒதுக்கப்பட்ட ஆலோசகர், பல ஆண்டுகள் மனிதவளத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். தன்விவரக் குறிப்பைத் திருத்துவதற்காகத்தான் நான் நேரம் பதிவு செய்திருந்தேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, பணி நியமனக் கடிதத்தையும் புதிய நிறுவனம் அனுப்பியிருந்த கடிதத்தையும் கேட்டார். இரண்டையும் மேசையில் விரித்துப் பென்சிலால் மூன்று இடங்களில் கோடிட்டார். "சார், சம்பளத்தை அப்புறம் பாக்கலாம். முதல்ல இந்தத் தேதியைப் பாருங்க" என்றார். பழைய கடிதத்தில் இருந்த சேர்ந்த தேதி புதிய கடிதத்தில் இல்லை. அதற்குப் பதிலாக இணைப்பு நடைமுறைக்கு வந்த தேதியே பணித் தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால், பின்னாளில் அலுவலகம் மூடப்படும்போது, இழப்பீட்டுக் கணக்கு அந்தப் புதிய தேதியிலிருந்து தொடங்குகிறது என்று யாராவது வாதிட இடம் கொடுத்திருக்கும்.

இது வெறும் எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் வேலை போகும்போது கையில் வரும் தொகை பெரும்பாலும் பணிக்காலத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது என்பதால், அந்த ஒரு வரியின் எடை மிகப் பெரியது. நிறுவனம் கைமாறினாலும் பணித் தொடர்ச்சி அறுபடக்கூடாது என்பது பல நாடுகளின் சட்டங்களில் உள்ள கொள்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1977 முதல் இதற்கென ஒரு நெறிமுறை இருக்கிறது; 2001-இல் அது புதிய வடிவம் பெற்றது. தொழில் கைமாறியது என்பதையே காரணம் காட்டி ஒருவரை நீக்கக்கூடாது என்று அது சொல்கிறது. அதே வேளையில் பொருளாதார, தொழில்நுட்ப, அமைப்புக் காரணங்களுக்காக நீக்குவதை அது தடுப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவின் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமும், நிறுவனம் கைமாறும்போது பணித் தொடர்ச்சி அறுபடாமலும் நிபந்தனைகள் குறையாமலும், பின்னாளில் ஆள்குறைப்பு நேர்ந்தால் பழைய பணிக்காலத்தையும் சேர்த்தே இழப்பீடு தரும் பொறுப்பைப் புதிய முதலாளி ஏற்றும் இருந்தாலன்றி, கைமாற்றமே இழப்பீட்டுக்குரிய ஆள்குறைப்பாகக் கருதப்படும் என்று வகுத்தது. ஆலோசகர் சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கவில்லை. தான் வழக்கறிஞர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, மனிதவளத் துறைக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலை மட்டும் என்னுடன் அமர்ந்து வரைந்து கொடுத்தார். 'முந்தைய பணிக்காலம் முழுவதும் தொடர்ச்சியாகக் கணக்கில் கொள்ளப்படும் என்பதை எழுத்துமூலம் உறுதிப்படுத்த வேண்டுகிறேன்' என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குத் திருத்தப்பட்ட கடிதம் வந்தது. குழு அமர்வுகள் அத்தனையும் சேர்ந்து கொடுக்காத நிம்மதியை அது கொடுத்தது.

அவர் கோடிட்ட இரண்டாவது இடம், 'நிறுவனத்தின் எந்த அலுவலகத்துக்கும் மாற்றப்படலாம்' என்ற வழக்கமான வரி. அலுவலகம் மூடப்படும்போது நிறுவனம் இந்த வரியைத்தான் முதலில் எடுக்கும் என்றார். தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு மாற்றல் கொடுத்துவிட்டு, போக முடியாதவர் தாமாக விலகினால், அது ஆள்குறைப்புக் கணக்கில் வராமல் போகக்கூடும். ஆகவே மாற்றல் உத்தரவு வந்தால் உடனே விலகல் கடிதம் எழுதிவிடாமல், காரணத்தையும் கால அவகாசத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. மூன்றாவது, முன்னறிவிப்புக் காலம். கடிதத்தில் இருப்பது ஒருபுறம். சட்டம் தருவது இன்னொருபுறம். அமெரிக்காவில் 1988-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை இழக்கும்படி ஓரிடத்தை மூடுவதற்குப் பொதுவாக 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். நிறுவனம் விற்கப்படும்போது, விற்பனை நடைமுறைக்கு வரும் நாள்வரை அந்தப் பொறுப்பு விற்பவருடையது; அதன்பின் வாங்கியவருடையது. இடையில் விழுந்துபோகும் நாள் என்று ஒன்று இல்லை.

இத்தகைய விதிகள் காகிதத்தோடு நிற்பவை என்று எங்கள் அலுவலகத்தில் சிலர் அலட்சியமாகச் சொல்கிறார்கள். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஜிகேஎன் தொழிற்சாலையின் கதையை அவர்களுக்கு நான் சொல்வதுண்டு. வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஜிகேஎன் நிறுவனத்தை, மெல்ரோஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2018-இல் வாங்கியது. 2021 ஜூலையில் அந்தத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் நானூற்றுக்கும் மேற்பட்டோருக்கு, ஆலை மூடப்படுவதாக மின்னஞ்சலில் தகவல் போனது. தொழிற்சங்கத்துடன் பேசாமல் இப்படிச் செய்தது செல்லாது என்று நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்து, பணிநீக்க நடவடிக்கையை நிறுத்தியது. ஆலை மீண்டும் பழையபடி ஓடவில்லை என்பது வேறு. ஆனால் ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் முடித்துவிட முடியவில்லை.

ரகசியம் காக்கப்படுமா என்று நான் ஆலோசகரிடம் நேரடியாகவே கேட்டேன். யார் என்ன பேசினார் என்பது நிறுவனத்துக்குப் போகாது, எத்தனை பேர் எந்தச் சேவையைப் பயன்படுத்தினார்கள் என்ற எண்ணிக்கை போகும் என்றார். அலுவலகம் மூடப்படுமா என்றும் கேட்டேன். "எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சாலும் சொல்ல எங்க ஒப்பந்தம் விடாது" என்றார். சேவையின் எந்தப் பக்கத்திலும் எழுதப்படாத இந்த வரம்பை, அந்தச் சேவையில் வேலை செய்பவரே இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். பணம் கொடுப்பவர் வெளியிட விரும்பாததை அவர் அமர்த்திய ஆள் நமக்குச் சொல்லப் போவதில்லை. அதைப் புரிந்துகொண்டு போகிறவருக்கு ஏமாற்றம் இல்லை. பதில் கிடைக்கும் என்று போகிறவர்தான் ஒவ்வொரு வாரமும் மனம் நொந்து திரும்புகிறார்.

சேவை சொல்லாததை அலுவலகம் தானாகவே படித்துக்கொள்ள முயல்கிறது. வாசலில் பெயர்ப்பலகை மாற்றப்பட்டால் அலுவலகம் பிழைக்கும் என்று ஒரு கட்சி; மாற்றுவது வெறும் சட்டச் சம்பிரதாயம் என்று எதிர்க்கட்சி. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டதா, மூன்று மாதத்துக்குத்தானா என்று காவலாளியிடம் விசாரித்து வந்தவர்கள் இருக்கிறார்கள். இவற்றில் பாதி கண்மூடித்தனமான ஊகம் என்றாலும், சில அறிகுறிகள் பொருளுள்ளவைதாம். விலகியவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் இருப்பது, பழுதான கருவிகளுக்கு மாற்று வாங்காமல் இழுத்தடிப்பது, ஒவ்வொருவரும் தம் வேலையைப் படிப்படியாக எழுதித் தரும்படி கேட்பது, புதிய வாடிக்கையாளர் கணக்குகள் மற்ற அலுவலகத்துக்கே போய்க்கொண்டிருப்பது ஆகியவை ஒருசேர நடந்தால், பெயர்ப்பலகை எந்த நிறத்தில் இருந்தாலும் ஆயத்தமாக வேண்டும். நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தால், காலாண்டு அறிக்கையில் 'மறுசீரமைப்புச் செலவு' என்ற தலைப்பின்கீழ் தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஊழியர் மடலில் வராதது அங்கே வந்திருக்கக்கூடும். முதலீட்டாளருக்குச் சொல்லாமலிருப்பது ஊழியருக்குச் சொல்லாமலிருப்பதுபோல எளிதல்ல.

தன்விவரக் குறிப்புத் திருத்தம், நேர்முகத் தேர்வுப் பயிற்சி, வேலை வாய்ப்புப் பட்டியல் ஆகியவை தரத்தில் நடுத்தரமானவை. பட்டியலில் காலாவதியான விளம்பரங்கள் நிறைய இருந்தன. நேர்முகப் பயிற்சி மட்டும், நெடுங்காலம் ஒரே இடத்தில் வேலை பார்த்துவிட்டு எந்தத் தேர்வையும் எதிர்கொள்ளாமலிருந்த மூத்த ஊழியர்களுக்கு மிகவும் உதவியது என்பதைச் சொல்லியாக வேண்டும். தன் வேலையைப் பற்றிப் பிறரிடம் பேசியே பழக்கமில்லாத ஒருவர், இரண்டாவது பயிற்சியிலேயே தயக்கமின்றிப் பேசத் தொடங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். தனிநபர் ஆலோசனைக்கு மட்டும் நான்கரை, கேள்வி பதில் தொகுப்புக்கு ஒன்று. உங்கள் அலுவலகத்திலும் இந்தச் சேவை அறிமுகமானால், குழு அமர்வுக்குப் போவதற்கு முன் தனிநபர் ஆலோசனைக்கு நேரம் பதிவு செய்யுங்கள். மூடல் அறிவிப்பு வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் முந்துவதால் இடம் கிடைப்பது கடினம். நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதங்கள், புதிய நிறுவனத்தின் கடிதம், கடைசியாக வந்த சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை, அலுவலகக் கணினியில் அல்லாமல், உங்கள் சொந்தக் கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள். கையெழுத்திட வேண்டிய எதுவும் கையில் இருந்தால் ஆலோசனைக்குப் பிறகே கையெழுத்திடுங்கள். தொகை பெரிதாக இருந்தால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரையோ தொழிற்சங்கத்தையோ உங்கள் செலவில் தனியாகப் பாருங்கள். வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு எவ்வளவு காலம் இந்தச் சேவை தொடரும் என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டு, மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அந்தக் காலம் கடைசி வேலை நாளோடு முடிவதாக இருந்தது. பலர் சேர்ந்து எழுதிக் கேட்ட பிறகுதான் அதை நீட்டித்தார்கள்.